மாத்திரை முதல் நாளா, ஐந்தாம் நாளா?

கேள்வி: 10 நவம்பர் 2024

அக்கா, கல்யாணமாகி நான்கு மாதம் ஆகிறது. மன்னார்குடியிலிருந்து சிங்கப்பூர் வந்து உட்லண்ட்ஸில் இருக்கிறோம். குழந்தைக்கு ஒரு வருடம் போகட்டும் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். அம்மா மாலா-டி கருத்தடை மாத்திரை இரண்டு அட்டை கொடுத்துவிட்டார். மாதவிடாய் ஐந்தாம் நாள் தொடங்கு என்றார். இங்கே டாக்டர் 21 மாத்திரை உள்ள வேறு அட்டை கொடுத்து, முதல் நாளே தொடங்கு என்றார். யார் சொல்வது சரி? மறந்துபோனால் என்ன செய்வது? டாக்டர் ஆண், அதனால் மேற்கொண்டு கேட்கக் கூச்சமாக இருந்தது.

10 நவம்பர், இரவு

இரண்டு பேரும் சரிதான். மாலா-டி காலங்காலமாக ஐந்தாம் நாள் கணக்கில் கொடுக்கப்பட்டு வந்தது. அம்மா அதைச் சொல்கிறார். மாதவிடாய் தொடங்கிய முதல் ஐந்து நாளுக்குள் எந்த நாளில் ஆரம்பித்தாலும் அன்றிலிருந்தே பாதுகாப்பு உண்டு என்பது பொதுவான வழிகாட்டுதல். ஆனால் பல அட்டைகளோடு வரும் காகிதம் இன்னும் கறாரானது: முதல் நாள் தொடங்கினால் வேறு எதுவும் வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் தொடங்கினால் முதல் 7 நாள் ஆணுறையும் சேர்த்துக்கொள். நானாக இருந்தால் முதல் நாளே தொடங்கிவிடுவேன். ஒரு வாரத்துக்கு ஆணுறை கணக்குப் பார்க்கிற வேலை மிச்சம்.

மாதவிடாய் வரும்வரை காத்திருக்க முடியாது என்றால் வேறு எந்த நாளிலும் தொடங்கலாம். கர்ப்பம் இல்லை என்பது உறுதியாகத் தெரிய வேண்டும், முதல் 7 நாள் ஆணுறை கட்டாயம்.

இரண்டு அட்டையையும் கலக்காதே. மாலா-டியில் 28 மாத்திரை: 21 வெள்ளை, 7 பழுப்பு. பழுப்பில் மருந்து கிடையாது, வெறும் இரும்புச்சத்து. டாக்டர் கொடுத்ததில் 21 மட்டும். முடிந்ததும் 7 நாள் சும்மா இருந்து, எட்டாம் நாள் அடுத்த அட்டை. இடைவெளியில் ரத்தப்போக்கு வரும். வந்தாலும் வராவிட்டாலும், நின்றாலும் நிற்காவிட்டாலும் எட்டாம் நாள் எட்டாம் நாள்தான்.

நேரம் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள். நான் போட்ட காலத்தில் வசந்தம் டிவியில் தமிழ்ச் செய்தி முடிந்ததும் மாத்திரை. மறந்தால் ஞாபகம் வந்தவுடன் மறந்ததை எல்லாம் சேர்த்துப் போட்டுவிடு.

11 நவம்பர், காலை

மேலே கடைசி வரியைப் படிக்காதே. தவறு. நர்ஸ் வேலை பார்க்கும் ஒருவர் ராத்திரியே தனிச்செய்தி அனுப்பி ஒரு பிடி பிடித்துவிட்டார். பதிலுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

சரியானது இது. ஒரே ஒரு மாத்திரை விட்டுப்போனால், ஞாபகம் வந்ததும் அதைப் போடு, அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் போடு. ஒரே நாளில் இரண்டு ஆகிவிடும், பரவாயில்லை. ஆணுறை தேவையில்லை.

இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போனால், கடைசியாக விட்டதை மட்டும் போடு. அதற்கு முந்தையவை அட்டையிலேயே கிடக்கட்டும், பிறகு குப்பைக்குப் போகட்டும். மூன்று நான்கு சேர்த்து விழுங்கினால் வாந்திதான் மிச்சம். அதன்பின் தொடர்ந்து 7 மாத்திரை போட்டு முடிக்கும்வரை ஆணுறை.

எந்த வாரம் என்றும் பார்க்க வேண்டும். அட்டையின் கடைசி ஏழு மருந்து மாத்திரையில் விட்டால், இருப்பதை முடித்துவிட்டு இடைவெளி விடாமல் அடுத்த அட்டைக்குப் போ. மாலா-டி மாதிரி அட்டையாக இருந்தால் பழுப்பை எல்லாம் தாண்டிவிடு. முதல் ஏழில் விட்டு, அதற்குச் சற்று முன் உறவும் நடந்திருந்தால், அன்றைக்கே டாக்டரிடம் போய் அவசரக் கருத்தடை மாத்திரை வேண்டுமா என்று கேள். ஆண் டாக்டராக இருந்தாலும் கேள்.

சில அட்டைக் காகிதங்கள் 12 மணி நேரம் தாண்டினாலே 7 நாள் எச்சரிக்கை சொல்கின்றன. உன்னுடைய அட்டைக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடு. பொடி எழுத்து, பூதக்கண்ணாடி வேண்டும், ஆனாலும் பார்.

13 நவம்பர்

"எங்கள் ஊரில் வாரத்துக்கு ஒரு மாத்திரைதான், இவர்கள் ஏன் தினமும் போட வைக்கிறார்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது சாயா. லக்னோவில் கண்டுபிடித்த, ஹார்மோன் இல்லாத வேறு மருந்து. முதல் 3 மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. அதன் கணக்கை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் வீட்டில் தொட்டில்தான்.

17 நவம்பர்

"டாக்டர் பிரஷர் பார்த்தார், ஒற்றைத் தலைவலி உண்டா என்று கேட்டார், அம்மாவுக்குக் காலில் ரத்தம் உறைந்ததுண்டா என்று கேட்டார். எதற்கு இந்தக் குடும்ப விசாரணை?" என்று முதலில் கேள்வி கேட்ட அதே தங்கச்சி.

நல்ல டாக்டர். வெட்கப்பட்டு ஓடிவந்தது நீதான்.

இந்த மாத்திரையில் இரண்டு ஹார்மோன்கள். அவற்றில் ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் தன்மையைக் கொஞ்சம் கூட்டும். கணக்கு இப்படி: மாத்திரை போடாத, கர்ப்பமில்லாத 10,000 பெண்களில் வருடத்துக்கு 2 பேருக்கு ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி வரும். இரண்டாவது ஹார்மோனாக லெவோநார்ஜெஸ்ட்ரல் உள்ள மாத்திரை போட்டால் 5 முதல் 7 பேருக்கு. யாஸ்மின், மெர்சிலோன் வகைகளில் 9 முதல் 12 பேருக்கு. கர்ப்பத்திலும் பிரசவத்தை ஒட்டியும் இதைவிட அதிகம் வருகிறது. ஆக, பயந்து ஓடுகிற எண் இல்லை. ஆனால் ஏற்கெனவே ரத்தம் உறைந்தவர்கள், 35 வயதுக்கு மேல் புகைப்பவர்கள், தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடு தெரிகிறவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், பிரஷர் அதிகம் உள்ளவர்கள், இவர்களுக்கு இது ஆகாது. தாய்ப்பால் கொடுப்பவர்களும் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்வரை பொதுவாக இதைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லாத வேறு மாத்திரை உண்டு. அதற்கு நேரக் கணக்கு தனி.

என் கதை: 38 வயதில் வழக்கமான அட்டை வாங்கத்தான் புளோக்குக்குக் கீழே இருக்கிற கிளினிக்குக்குப் போனேன். மெஷின் 150/96 காட்டியது. படியேறி வந்தேன், கோபமாக வந்தேன், மாமியார் போன் செய்தார் என்று எல்லாக் காரணமும் சொன்னேன். கால் மணி நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தார்கள், 148/94. அத்தோடு மாத்திரைக்கு முழுக்கு. இப்போது காப்பர்-டி. உடம்பில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அதுதான் விஷயம். பிரஷர் பார்க்காமல் யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டையை விழுங்கிக்கொண்டே இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால், இதுவரை வராத மாதிரி தலை வலித்தால், கண் மங்கினால், தாங்க முடியாத வயிற்று வலி வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு நேரே மருத்துவமனை. இந்தக் கேள்வி-பதில் இழையில் வந்து கேட்டுக்கொண்டிருக்காதே.

22 நவம்பர்

தங்கச்சி நேற்று, வியாழன், முதல் நாளே தொடங்கிவிட்டாளாம். அட்டையில் கிழமை அச்சடித்திருக்கும். வியாழன் என்று போட்டிருக்கிற இடத்தில் தொடங்கி அம்புக்குறி வழியே போ. என் முதல் அட்டையில் புதன்கிழமை வந்து ஞாயிறு மாத்திரையை எடுத்துப் போட்டு, மூன்று வாரமும் மறந்தேனா இல்லையா என்று திண்டாடினேன்.

முதல் இரண்டு மூன்று மாதம் திட்டுத் திட்டாகக் கறை படலாம், லேசாகக் குமட்டலாம். அதற்காக நிறுத்திவிடாதே. குமட்டினால் படுக்கும் முன் போடு.

1 டிசம்பர்

இங்கே எல்லாரும் நேரத்தைப் பற்றியே கேட்கிறீர்கள். 9 மணிக்குப் போட வேண்டியதை 10 மணிக்குப் போட்டால் என்ன, 11 மணிக்குப் போட்டால் என்ன என்று. நான் மாட்டிக்கொண்ட இடம் வேறு, அதைச் சொல்கிறேன்.

2017-இல் நாத்தனார் கல்யாணத்துக்குத் திருச்சி போனோம். கிளம்பிய சனிக்கிழமை அட்டையின் கடைசி மாத்திரை. ஞாயிறு முதல் சனி வரை இடைவெளி, சனி இரவே திரும்பும் விமானம், ஞாயிறு செய்தி முடிந்ததும் சிங்கப்பூரில் ஈசூன் வீட்டில் புது அட்டை. கச்சிதமான திட்டம். புது அட்டையை வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டேன், எதற்குத் தூக்கிச் சுமப்பது என்று.

சனிக்கிழமை காலை மாமியார் நாள்காட்டியைக் கிழித்துப் பார்த்தார். "இன்னிக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. ரெண்டு நாள் கழிச்சுப் போங்க." டிக்கெட்டை மாற்றினோம். திங்கள் இரவு ஏறி செவ்வாய் விடியற்காலை வந்து இறங்கினோம்.

அந்த இரண்டு நாளும் எனக்கு மாத்திரை ஞாபகம் இருந்தது. மறக்கவில்லை. "எப்படியும் சும்மா இருக்கிற வாரம்தானே, இரண்டு நாள் சேர்ந்து சும்மா இருந்தால் என்ன" என்று நினைத்தேன். தெருமுனையிலேயே மருந்துக் கடை. கடைக்காரர் மாமனாரின் சினேகிதர். கேட்டிருந்தால் அட்டை என் கைக்கு வரும் முன் செய்தி மாமியார் காதுக்குப் போயிருக்கும். ஞாயிறு இரவு என்ன நடந்தது என்று எழுத மாட்டேன். ஆட்கள் கழன்ற கல்யாண வீட்டில் முதன்முறையாகத் தனி அறை கிடைத்தது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் டாக்டர் ஒரு தாளை எடுத்து ஒன்பது கோடு கிழித்தார். ஏழு கோட்டுக்குப் பின் ஒரு வட்டம் போட்டார். மாத்திரை போடுகிற நாட்களில் சூல்பை தூங்குகிறது. நிறுத்தியதும் மெல்ல விழிக்க ஆரம்பிக்கிறது, முட்டை வளரத் தொடங்குகிறது. ஏழு நாளுக்குள் மறுபடி மாத்திரை வந்துவிட்டால் திரும்பத் தூங்கிவிடும். எட்டு, ஒன்பது என்று இழுத்தால் சிலருக்கு முட்டை வெளிவந்துவிடும். ஆகவே அட்டையில் ஆபத்தான மாத்திரை நடுவில் இருப்பது இல்லை, முதலாவதுதான்.

அவசர மாத்திரை ஒன்று கொடுத்தார், லெவோநார்ஜெஸ்ட்ரல், உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. புது அட்டையை அன்றே தொடங்கச் சொன்னார், 7 நாள் ஆணுறை, 3 வாரம் கழித்து சிறுநீர்ப் பரிசோதனை. அந்த மூன்று வாரம் நான் மனுஷியாக இல்லை. ஒரு கோடுதான் வந்தது.

அஷ்டமி நவமி பார்த்த வீட்டில் ஒன்பதாம் நாளை நான் பார்க்கவில்லை. நவமி என்றாலே ஒன்பதுதான் என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை கிண்டல் செய்கிறார். டிக்கெட் மாற்றிய காசு அவருடையது, அந்த உரிமையில்.

நேரத்துக்கு வருகிறேன். திருச்சியில் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு 9 என்றால் அங்கே 6.30. இந்த வகை மாத்திரைக்கு அந்த இரண்டரை மணி நேரம் ஒரு பொருட்டே இல்லை. அங்கேயும் 9 மணிக்கே போடலாம். ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரைக்காரர்கள் மட்டும் இதைக் கேட்டு நடக்காதீர்கள். அதில் சில வகைக்கு 3 மணி நேரம்தான் சலுகை.

3 டிசம்பர்

"பயமுறுத்துகிறீர்கள்" என்று ஒருவர். கொஞ்சம் உண்மைதான், திரும்பப் படித்தேன். அட்டை நடுவில் ஒன்று தவறினால் ஒன்றும் ஆகாது என்பதையும் அதே கோட்டுத் தாள்தான் சொல்கிறது: ஏழு மாத்திரை ஒழுங்காக உள்ளே போய்விட்டால் சூல்பை நன்றாகத் தூங்கிவிடும், அப்புறம் ஒரு நாள் தவறினால் எழுந்துகொள்ளாது.

ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள்கூடத் தவறாமல் போட்டால் வருடத்தில் 100 பேரில் ஒருவருக்குக்கூடக் கர்ப்பம் தங்காது. நம்மைப் போல மறந்து, தேடி, சண்டை போட்டுப் போட்டால் 100-க்கு 7. மாத்திரை ஒன்றுதான், ஆட்கள்தான் வேறு.

யாஸ் போடுகிறவர்களுக்கு: உங்கள் அட்டையில் 24 மருந்து, 4 வெற்று. நான் சொன்ன ஏழு நாள் இடைவெளி உங்களுக்கு நான்கு நாள்.

14 டிசம்பர்

பாத்தாம் தீவுக்குப் படகில் போகிறவர்கள் கவனிக்க. ஒரு தடவை மாத்திரை போட்டு ஒன்றரை மணி நேரத்தில் படகில் வாந்தி. பையில் அட்டை இருந்ததால் இன்னொன்று போட்டேன். மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மாத்திரை உடம்பில் சேரவில்லை என்றே வைத்துக்கொள். எப்போதும் ஒரு உதிரி அட்டை வைத்துக்கொண்டு அதிலிருந்து எடு. இருக்கிற அட்டையிலிருந்தே எடுத்தால் கிழமை எல்லாம் ஒன்று தள்ளிப்போய்விடும். ஒரு நாளுக்கு மேல் கடும் வயிற்றுப்போக்கு என்றால் அந்த நாட்களை மறந்த நாட்களாகக் கணக்கில் எடுத்துக்கொள்.

பாலிகிளினிக்கில் தொண்டைக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கெடுக்காது. பல வருடம் கெடுக்கும் என்று நம்பி, சளி பிடித்தாலே ஆணுறை வாங்கி வைத்தவள் நான். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் கெடுக்கும். வலிப்புக்கான சில மருந்துகள், கார்பமசெபைன், ஃபெனிடாயின் போன்றவை, கெடுக்கும். மனசுக்கு நல்லது என்று விற்கிற செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையும் கெடுக்கும். மூலிகைதானே என்று டாக்டரிடம் சொல்லாமல் விடாதே.

உடம்பு போடுமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் போட்டது. மாத்திரை தொடங்கியது செப்டம்பர், தீபாவளி அக்டோபர். மாத்திரையைச் சந்தேகப்படும் முன் முறுக்கு டப்பாவை விசாரித்திருக்கலாம்.

26 டிசம்பர்

லீவு நாள். அம்மாவிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். ஒன்பதாம் நாள் கதையைக் கேட்டுவிட்டு, "எங்களுக்கெல்லாம் அரசாங்கமே கணக்குப் பார்த்துச்சு" என்றார். 1972-இல் இரண்டோடு நிறுத்து என்ற பிரசாரம், சுவரெல்லாம் போஸ்டர். அதற்கு முன் 1966-இல் கேகே ஆஸ்பத்திரியில் மட்டும் ஒரே வருடத்தில் 39,835 பிள்ளைகள் பிறந்திருக்கின்றன; உலக சாதனைப் புத்தகத்தில் ஏறிய எண்ணிக்கை. அம்மா அண்ணனோடும் என்னோடும் நிறுத்தினார். 1987-இல் பேச்சு மாறியது: வசதி இருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள். "அப்ப எனக்கு 36 வயசு. போய்யா அப்படின்னு டிவிய அமத்திட்டேன்."

மாத்திரை போட்டால் அப்புறம் பிள்ளை தங்காது என்ற பேச்சும் அம்மாவிடமிருந்துதான் எனக்கு முதலில் வந்தது. நிறுத்திய இரண்டாம் மாதம் என் சின்னவள் தங்கினாள். அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பேத்தியை வாங்கிக்கொண்டார்.

12 ஜனவரி 2025

தங்கச்சியிடமிருந்து நீண்ட செய்தி. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறாள், பிப்ரவரி 11. மாமியார் "அந்த மாதிரி நேரம் வந்துடாம மாத்திரை போட்டுத் தள்ளிப் போடு" என்று சொல்லி, யாரோ கொடுத்த பிரைமோலட் தந்திருக்கிறார். இதையும் அதையும் சேர்த்துப் போடலாமா?

அந்த நேரத்தில் கோயிலுக்குப் போகலாமா கூடாதா என்ற வாக்குவாதத்தை இங்கே நடத்தாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கணக்கை மட்டும் பார்ப்போம். நவம்பர் 21-இல் தொடங்கியவள். இரண்டாவது அட்டை டிசம்பர் 19. மூன்றாவது ஜனவரி 16, அது பிப்ரவரி 5-இல் முடியும். இடைவெளி 6 முதல் 12 வரை. பால்குடம் சரியாக அதற்குள்.

பிரைமோலட் உனக்குத் தேவையே இல்லை. மாத்திரை போடாதவர்கள் மாதவிடாயைத் தள்ளிப்போட டாக்டரிடம் கேட்டு வாங்குவது அது. தள்ளிப்போடத்தான், அந்த அளவில் அது கருத்தடை ஆகாது. நீ செய்ய வேண்டியது பிப்ரவரி 6-ஆம் தேதி இடைவெளி விடாமல் நான்காவது அட்டையைத் தொடங்குவது. ரத்தப்போக்கு தள்ளிப்போகும். கொஞ்சம் கறை படலாம், அதைச் சொல்லாமல் விட்டால் பிறகு என்னைத் திட்டுவாய். இடைவெளியில் வருவது உண்மையான மாதவிடாயே இல்லை, மருந்து நின்றதால் வரும் ரத்தம். அது ஒரு மாதம் வராவிட்டால் உள்ளே எதுவும் தேங்காது. இடைவெளியை நீட்டினால்தான் வம்பு, குறைத்தால் இல்லை.

விரதத்தில் மாத்திரை போடலாமா என்றும் கேட்டிருந்தாள். வெறும் வயிற்றில் போடலாம். ஒரு வாய் தண்ணீர்கூட ஆகாத விரதமா என்பதை மாமியாரிடம் கேள்.

6 பிப்ரவரி

இன்று வியாழன். தங்கச்சி, புது அட்டை.

6 பிப்ரவரி, இரவு

போட்டுவிட்டாளாம். ஆனால் ஈசூன் அலமாரியில் நான் செய்த அதே வேலையைச் செய்யப் பார்த்திருக்கிறாள்: நான்காவது அட்டை கையில் இல்லை, மூன்றுதான் வாங்கியிருந்தாள். மாலை 7 மணிக்குக் கிளினிக்குக்கு ஓடி, அதே ஆண் டாக்டர், பிரஷர் 112/70, ஆறு அட்டை. கூச்சம் போய்விட்டதா என்று கேட்டேன். "க்யூ நம்பர் 38 அக்கா, அதுக்குள்ள போயிடுச்சு" என்றாள்.

13 பிப்ரவரி

பால்குடம் நல்லபடியாக முடிந்ததாம். டேங்க் ரோடு கோயில் வாசலில் எடுத்த படம் அனுப்பினாள். தலையில் குடம், முகமெல்லாம் வியர்வை, பின்னால் மாமியார் தண்ணீர்ப் புட்டியோடு.

படத்தோடு ஒரு கேள்வியும். "அக்கா, செவ்வாய்க்கிழமை அசதியில் தூங்கிவிட்டேன். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து போட்டேன். 9 மணி மாத்திரை. பரவாயில்லையா?"

பரவாயில்லை. ஏழு மணி நேரம்தான். புதன் இரவு 9 மணிக்கு அடுத்தது போட்டாயா, அதைச் சொல்.

"போட்டேன்."

சரி, தூங்கு.